திரும்பி வரும் கப்பல்

திருப்பதியிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை இறுதியாண்டு மாணவி ஒருவர் தம் ஆய்வேட்டுக்கான முன்வரைவை அண்மையில் துறைக் குழுவின்முன் வைத்தார். பழைய வடார்க்காட்டு மாவட்டத்து மக்களின் கடற்பயணமே பொருள். 1860 இல் தொடங்கிய நெட்டால் ஒப்பந்தக் கூலிக் கப்பல்கள் முதல் இயல். மதராஸிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற டெக் பயணிகள் இரண்டாம் இயல். இன்று சென்னைத் துறைமுகத்தில் மலிவுக்கட்டண உல்லாசக் கப்பலில் முதன்முறையாக ஏறும் நடுத்தர, கீழ்நடுத்தரக் குடும்பங்கள் மூன்றாம் இயல். முதல் இரண்டையும் குழு தலையசைத்துக் கேட்டது. மூன்றாவதைச் சொன்னதும் சிரித்தது. தம் குடும்பமே அத்தகைய பயணம் ஒன்று போய்வந்தது என்றும், தம் பாட்டியின் நினைவுகளைச் சான்றுகளுள் ஒன்றாகக் கொள்ளப்போவதாகவும் அவர் சொன்னபோது சிரிப்பு பின்வரிசை ஆய்வு மாணவர்களிடமும் பரவியது. விடுமுறைக்குப் போய்வந்ததை எல்லாம் ஆய்வென்று எழுத முடியாது என்றார் ஒருவர். கப்பலில் எத்தனை வகை இனிப்பு வைத்தார்கள் என்று கேட்டார் இன்னொருவர். மூன்றாம் இயலை நீக்கித் திருத்திய வரைவைத் தரவேண்டும் என்பது முடிவாயிற்று.

இம்முடிவில் புலமை சார்ந்த காரணம் எதுவும் இல்லை. இருப்பது ஒரு பழக்கம். கல்விப்புலத்தில் இறந்துபோன ஏழைக்கு மரியாதை உண்டு. அவன் பெயர் கப்பற்பதிவேட்டில் இருக்கவேண்டும், ஆவணக் காப்பகத்தின் தூசி அவன்மேல் படிந்திருக்கவேண்டும், அவன் துன்புற்றிருக்கவேண்டும். அவ்வளவும் அமைந்தால் அவன் ஆய்வுப்பொருள். அவனுடைய பேரன் பேத்திகள் உயிரோடு, புதுச்சட்டையோடு, கையில் தட்டேந்தி உணவு வரிசையில் நின்று சிரித்தால் கேலிப்பொருள். இந்தப் பழக்கத்துக்குக் கோட்பாட்டு மேலாடையும் உண்டு. டீன் மெக்கானலின் நூல் 1976 இலும் ஜான் அர்ரியின் ‘சுற்றுலாப் பார்வை’ 1990 இலும் வெளிவந்தன. அவற்றைப் படித்த தலைமுறைகள் சுற்றுலாப் பயணி என்ற சொல்லையே பாதி வசையாகக் கையாளக் கற்றுக்கொண்டன. அவ்விருவரும் பயணியைப் பழிப்பதற்காக எழுதவில்லை என்பது வேறு. 1979 இல் பியர் போர்தியூ எழுதிய நூல், பிறர் இரசனையை எள்ளுவதன் வழியாகவே ஒரு வகுப்பு தன் உயரத்தை நிறுவிக்கொள்கிறது என்று பக்கம் பக்கமாகக் காட்டியது. அந்த நூலைப் பாடமாக நடத்தும் துறைகளிலேயே அந்த எள்ளல் குறைவின்றி நடக்கிறது.

சிரித்தவர்கள் எதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது தெரிய, அக்குடும்பத்தின் பயணத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும்.

தந்தை திருப்பதிப் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு லாட்ஜில் 22 ஆண்டுகளாக வேலை செய்பவர். ரூம்பாயாகச் சேர்ந்து இப்போது மேற்பார்வையாளர். தாய் சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் பிறந்தவர். வீட்டிலிருந்தே தையல் வேலை. தாயின் தாய் இன்றும் சித்தூரில்தான் இருக்கிறார். மாம்பழக்கூழ் ஆலைகளில் பருவந்தோறும் தோல்சீவித் தேய்ந்த விரல்கள் அவருடையவை. வீட்டுக்குள் தமிழும் வாசற்படி தாண்டினால் தெலுங்கும் பேசும் குடும்பம். சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் இது புதுமையன்று. 1953 இலும் 1960 இலும் எல்லைக்கோடுகள் இழுக்கப்பட்டபோது நாக்கு மட்டும் இரு பக்கமும் தங்கிவிட்ட ஊர்கள் அவை.

இந்த நால்வரும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை ஏலத்தில் எடுத்து, சென்னையிலிருந்து புறப்பட்டு இரண்டு இரவு கடலில் இருந்துவிட்டுச் சென்னைக்கே திரும்பும் பயணத்துக்குப் பதிவு செய்தார்கள். இருப்பதிலேயே குறைந்த கட்டணம் அதற்குத்தான். சன்னலில்லாத உள்ளறை. கீழே இரண்டு கட்டில், சுவரிலிருந்து மடக்கி இறக்கும் மேற்கட்டில் இரண்டு.

கப்பல் நிறுவனங்கள் விளம்பரத்தில் காட்டும் தொகை இருவர் ஓர் அறையைப் பகிரும்போது ஒருவருக்கு ஆவது. துறைமுகக் கட்டணம், சேவைக்கட்டணம், வரி ஆகியவை அதற்குமேல் வரும். உலகெங்கும் இத்தொழிலின் வழக்கம் அது. சாமானியக் குடும்பம் இதில் ஏமாந்துபோகிறது என்பது படித்தவர்களின் பொதுவான இரங்கல். லாட்ஜ் வாசலிலுள்ள பலகையில் எழுதிய வாடகைக்கும் பில்லில் வரும் வாடகைக்கும் உள்ள தூரத்தை 22 ஆண்டு தம் கையாலேயே அளந்தவருக்கு அந்த இரங்கல் தேவைப்படவில்லை. ‘எக்ஸ்ட்ரா பெட்’ என்பதன் பொருளாதாரம் அவருக்கு மனப்பாடம். மூன்றாமவரும் நான்காமவரும் அதே அறையில் ஏறினால் சராசரி எப்படி இறங்கும் என்று ஒரு பழைய நாட்குறிப்பில் கணக்குப் போட்டு, தேர்வுக்காலத்து வாரநாளாகப் பார்த்துத் தேதி குறித்தார். கப்பலில் இணைய இணைப்பு வாங்கவில்லை. கப்பலின் நிழற்படக்காரர் எடுத்த படங்களைப் பார்த்து இரசித்துவிட்டு வாங்காமல் வந்தார்கள். மது இல்லை, சூதாட்ட அறைப்பக்கம் எட்டிப்பார்த்ததோடு சரி. உல்லாசக் கப்பல் தொழிலின் வருவாயில் கணிசமான பகுதி டிக்கெட்டுக்கு அப்பால் இந்த உபரிச் செலவுகளிலிருந்தே வருகிறது. அவ்வகையில் பார்த்தால் அக்கப்பலின் இலாபத்துக்கு இவர்களால் ஆன உதவி சொற்பம். சூதாட்ட மேசையில் தோற்ற யாரோ ஒரு கனவானின் உபயத்தில் இவர்கள் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டார்கள் என்று சொன்னாலும் பெரிய பிழையில்லை. ஏமாந்தவர் யார் என்பதைச் சிரித்தவர்கள் மறுபடி எண்ணிப் பார்க்கலாம்.

கோட்பாடு சற்றும் எதிர்பாராத இடம் ஒன்று இதில் உண்டு. திருப்பதி உலகத்துக்கே பயணிகளைக் கவனித்துப் பழகிய ஊர். நாளொன்றுக்கு அறுபதாயிரத்துக்குக் குறையாமல் மலையேறுகிறார்கள். சென்னையிலிருந்து ஒருநாள் திருப்பதிப் பயணம் என்பது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நெடுங்காலம் நடத்திய தொகுப்புப் பயணம். இப்படி வந்துபோகிறவர்களுக்கு அறை பெருக்கி, விரிப்பு மாற்றி, வெந்நீர் தூக்கி, வண்டி ஓட்டி, பூ கட்டி, மொட்டையடித்து வாழ்கிற ஊரில் பிறந்தவர்கள் எத்தனை பேர் தாங்களே ஒரு தொகுப்புப் பயணத்தின் பயணியாக இருந்திருப்பார்கள்? சுற்றுலா ஆய்வுகள் பார்ப்பவன், பார்க்கப்படுபவன் என்று இருவரைப் பிரித்து நிறுத்துகின்றன. மேடையின் முன்புறம் ஒருவனுக்கு, பின்புறம் ஒருவனுக்கு. வாழ்நாள் முழுதும் பின்புறத்தில் நின்றவன் இரண்டு நாள் முன்புறத்துக்கு வந்தால் அவன் பார்வை எதுவாக இருக்கும் என்பதற்கு அந்நூல்களில் இடமில்லை.

இந்த மேற்பார்வையாளர் பார்த்ததைக் கேட்டால் தெரியும். கடலைப் பார்ப்பதற்குமுன் அவர் பார்த்தது படுக்கை விரிப்பின் மூலை மடிப்பை. துண்டை அன்னமாக மடித்துவைத்திருந்ததைப் பிரித்துப் பார்த்து, எப்படி மடித்திருக்கிறார்கள் என்று கற்றுக்கொண்டு, அதே மாதிரி மறுபடி மடித்துவைத்தார். தாழ்வாரத்தில் எத்தனை அறைக்கு ஒருவர் என்று எண்ணினார். முதல்நாள் இரவு தண்ணீர் கொண்டுவந்த இளைஞரே மறுநாள் விடியலிலும் தாழ்வாரத்தில் நிற்பதைக் கண்டதும், மனைவியும் மகளும் மேலே சூரியோதயம் பார்க்கப் போயிருந்த நேரத்தில் நான்கு படுக்கையையும் தாமே சரிசெய்து குளியலறையையும் துடைத்துவிட்டார். அவ்விளைஞர் வந்து பார்த்துத் திகைத்து, தம் வேலையில் ஏதும் குறையா என்று கேட்டாராம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006 இல் ஏற்கப்பட்டு 2013 இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாலுமிக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி ஓய்வு, வாரத்தில் 77 மணி ஓய்வு என்பது அதன் அளவுகோல்களுள் ஒன்று. வேலைநேரத்தின் வழியே கணக்கிட்டால் ஒரு நாளைக்கு 14 மணி, வாரத்துக்கு 72 மணி வரை வேலை வாங்க அந்த உடன்படிக்கையே இடம் தருகிறது. அத்தனை மணிநேரம் சிரித்த முகத்தோடு நிற்பதும் உழைப்புத்தான் என்பதை ஆர்லி ஹோக்ஷைல்ட் 1983 இல் விமானப் பணிப்பெண்களை வைத்து எழுதியதிலிருந்து கல்விப்புலம் கற்றுக்கொண்டது. லாட்ஜ் மேற்பார்வையாளர் அதை விரிப்பின் மூலையிலிருந்து கற்றிருந்தார். முன்வரைவின் மூன்றாம் இயலில் மாணவி எழுதவிருந்தது இதைத்தான். குழு இனிப்பு வகைகளைக் கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாவது எள்ளல், இது எங்கும் போகாத கப்பல் என்பது. சென்னையில் ஏறிச் சென்னையில் இறங்குவதற்கு எதற்குக் கடல்? இதைக் கேட்பவர்கள் மாடவீதியைச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வரும் ஊர்வலத்தை ஆண்டுதோறும் கண்டுவரும் ஊர்க்காரர்கள் என்பதை விட்டுவிடலாம். பாட்டியின் கேள்வியை விட்டுவிட முடியாது.

துறைமுகத்தில் ஏறும்முன் நிழற்படம் எடுத்து, கையில் ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் மருமகனிடம் கேட்டது ஒன்றே: “இது திரும்பி வருமா மாப்ளே?” உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். பயத்தில் கேட்கிறார் என்று எண்ணினார்கள். பேத்தி மட்டும் சிரிக்கவில்லை. பாட்டியின் தாத்தாவோடு பிறந்தவர் ஒருவர் சித்தூர்ப் பக்கத்திலிருந்து மதராஸுக்குப் போய்க் கப்பலேறியவர். கரும்புத் தோட்டத்துக்குப் போனார் என்பதற்குமேல் குடும்பத்தில் எந்தச் செய்தியும் இல்லை. கடிதமும் இல்லை, பணமும் இல்லை, இறந்த நாளும் இல்லை. திதி கொடுக்க நாளில்லாமல் மாளய அமாவாசையில் சேர்த்துக் கொடுத்த பெயர் அது. இந்த வீட்டில் கப்பல் என்றால் திரும்பி வராதது என்று பொருள்.

‘டுரூரோ’ என்ற கப்பல் மதராஸிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பனை அடைந்தது 1860 நவம்பர் 16 இல். அன்றுமுதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பெரும்பகுதியினர் மதராஸ் வழியாகச் சென்றவர்கள். அவர்களில் வடார்க்காட்டுக்காரர் பங்கு பெரிது. சித்தூர் அப்போது வடார்க்காட்டு மாவட்டத்தின் தலைநகர். 1911 இல்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலிலுள்ள அடையாளம் எல்லாம் பதிவேட்டில் ஏறின. அப்பதிவேடுகள் இன்று ஆய்வாளர்களுக்குப் பொன். அதே துறைமுகத்தில் பாட்டியின் முகம் படமாகிக் கைக்கு அட்டை வந்தபோது பேத்தி இரண்டு பதிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க நினைத்தார். இரண்டும் ஒன்று என்று அவர் சொல்லவில்லை. அடிமைக்கொப்பான ஒப்பந்தத்தையும் விருப்பப் பயணத்தையும் சமமாக்கும் அளவுக்கு அவர் அறியாதவர் அல்லர். ஒரே வீட்டின் நினைவில் இந்த இரண்டு கப்பல்களும் எப்படி ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்பதே அவர் கேள்வி. இதைவிட நல்ல ஆய்வுக்கேள்வி அத்துறையில் கடந்த சில ஆண்டுகளில் எழுந்ததா என்பதைச் சிரித்தவர்களே சொல்லட்டும்.

கடல் கடந்தால் தீட்டு என்ற தடை தென்னாட்டு வரலாற்று வகுப்புகளில் தவறாமல் பேசப்படுகிறது. யார் தடுக்கப்பட்டார், யார் பிராயச்சித்தம் செய்தார் என்றெல்லாம் கட்டுரைகள் உண்டு. அது சாஸ்திரத்துக்கு அஞ்சவேண்டியிருந்தவர்களின் கதை. சித்தூரிலும் வாலாஜாவிலும் திருவண்ணாமலையிலும் பஞ்சத்தில் கிளம்பியவர்களைத் தடுக்க எந்தச் சாஸ்திரமும் வரவில்லை. அவர்கள் போனார்கள். முதன்முறையாகக் கடலேறும் குடும்பம் என்று விளம்பரங்களும் விமர்சகர்களும் ஒரே குரலில் சொல்வது அந்தப் போக்கை மறந்ததால்தான். இது முதல் பயணமே அன்று. திரும்புவோம் என்ற உறுதியோடு ஏறிய முதல் பயணம். இரண்டு இரவில் புறப்பட்ட துறைக்கே வந்து சேர்வது இந்த வீட்டில் அற்பமான செய்தியில்லை.

எங்கும் போகாத கப்பல்தான் இருக்கிறது என்பதில் உண்மையான அவலம் ஒன்றும் இருக்கிறது. அதற்கு அந்த லாட்ஜ் மேற்பார்வையாளரைப் பிடித்து என்ன பயன்?

எங்காவது போகும் கப்பல்கள் இருந்தன. 1926 இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம்வரை ஓடியது. ஆயிரக்கணக்கானோர் டெக்கில் பாய்விரித்துப் போனார்கள், வந்தார்கள். அதன்பின் இந்தியக் கப்பல் கழகத்தின் ‘சிதம்பரம்’ ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பல உயிர்கள் போயின, சேவையும் போயிற்று. தனுஷ்கோடி–தலைமன்னார் வழியை 1964 டிசம்பர்ப் புயல் அடித்துச் சென்றது; பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைப் பயணியர் கப்பல் 2023 அக்டோபர் 14 இல் தொடங்கிச் சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு, இன்றைய ஸ்ரீ விஜயபுரத்துக்கு, அரசுப் பயணியர் கப்பல் உண்டு. பங்க் வகுப்பில் சில ஆயிரம் ரூபாய்க்குப் போகலாம். அதைப் பற்றி ஒரு சுவரொட்டியைக்கூடச் சித்தூரிலோ திருப்பதியிலோ காண்பது அரிது. சாமானியனுக்குக் கடல் பொதுவழியாக இருந்தது, அவ்வழி மூடப்பட்டது, மூடியபின் அதே நீர் இரண்டு இரவு கேளிக்கையாக அவனுக்கே விற்கப்படுகிறது. கோபம் வரவேண்டிய இடம் இது. இங்கே எந்தத் துறையும் கருத்தரங்கு கூட்டவில்லை.

கட்டணத்தைக் குறைத்துப் பயணியை இழுப்பதற்கும் இக்கரையில் நூறாண்டு வரலாறு உண்டு. 1906 இல் வ.உ.சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்டபோது, வெள்ளையர் நிறுவனம் கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு கையில் குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். அந்தக் குடையை வாங்கிக்கொண்டவன் துரோகியா, ஏமாளியா, கெட்டிக்காரனா என்பது இன்றும் திறந்த கேள்வி. சுதேசி நிறுவனம் 1911 இல் கலைக்கப்பட்டது. நெட்டால் ஒப்பந்தம் முடிந்ததும், சித்தூர் மாவட்டம் பிறந்ததும் அதே ஆண்டு. மாணவியின் முன்வரைவில் 1911 என்ற எண்ணுக்குக் கீழே மூன்று கோடுகள் இழுக்கப்பட்டிருந்தன. குழுவில் ஒருவரும் அதுபற்றிக் கேட்கவில்லை.

அண்மைக்கால வரலாறும் சுவையற்றதன்று. சித்தூர் மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. 2022 ஏப்ரல் 4 இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டு, நெல்லூரிலிருந்து கூடூர், சூளூர்ப்பேட்டைப் பக்கங்கள் சேர்க்கப்பட்டுத் திருப்பதி மாவட்டம் உருவானபோது, ஏழுமலையான் ஊரின் பெயரிலுள்ள மாவட்டத்துக்கு முதன்முறையாகக் கடல் வாய்த்தது. சரியாக இரண்டு மாதம் கழித்து, 2022 ஜூன் 4 இல், சென்னையில் கோர்டேலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பலைத் தமிழ்நாட்டு முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினார். விசாகப்பட்டினம் போய்ப் புதுச்சேரி வந்தபோது, சூதாட்டம் உள்ள கப்பல் பண்பாட்டுக்கு ஆகாது என்ற எதிர்ப்பினால் அங்கே பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. மதுக்கடைகளுக்குப் பேர்போன ஊர், கப்பலுக்குள் இருக்கும் ஓர் அறைக்காகப் பண்பாட்டை நினைவுகூர்ந்தது. 2023 ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்குப் போகத் தொடங்கியது. உயர்பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் பல்லாண்டு மூடிக்கிடந்த வலிகாமம் வடக்கின் கரையில், 1990 இல் பெயர்ந்தவர்களின் நிலப்பிரச்சினை முழுதும் தீராதிருந்தபோதே, கழுத்தில் நிழற்படக் கருவியோடு பயணிகள் இறங்கினார்கள். அதைப்பற்றியும் எழுதலாம். கடுமையாகவே எழுதலாம். அதற்கும் அந்த மூன்றாம் இயல் வேண்டும்.

அந்தக் கப்பலுக்கே ஒரு வரலாறு இருக்கிறது. 1990 இல் பிரான்சின் சாந் நசேர் தளத்தில் ‘நார்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் கட்டப்பட்டது. மூன்று நான்கு இரவுக் குறும்பயணங்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டு, அமெரிக்கச் சாமானியர்களைப் புளோரிடாவிலிருந்து பகாமாஸுக்கு ஏற்றிப்போனது. பெயரும் உரிமையாளரும் பலமுறை மாறி, முப்பதாண்டு உழைத்தபின் இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. பயன்படுத்திய கப்பலைப் புதிதென்று காட்டுகிறார்கள் என்று சிரிப்பவர்கள், ‘சிதம்பரம்’ கப்பலும் ஒரு பிரெஞ்சு நிறுவனத்திடமிருந்து வாங்கிய பழைய கப்பல்தான் என்பதை நினைவில் கொள்ளலாம். பழையதை வாங்கி ஓட்டுவது இந்தக் கரையின் வழக்கம். கல்விப்புலமும் மேற்கில் நாற்பதாண்டு ஓடிய கோட்பாடுகளை அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கிறது.

சுற்றுச்சூழல் பற்றிய மறுப்பு ஒன்று உண்டு, அது மெய்யானது. உல்லாசக் கப்பல்கள் ஆளொன்றுக்கு எரிக்கும் எரிபொருள் மிகுதி, கழிவும் மிகுதி. அவற்றில் பெரும்பாலானவை பகாமாஸ், பனாமா, பெர்முடா, மால்ட்டா போன்ற நாடுகளின் கொடியேற்றி, தம் நாட்டுத் தொழிலாளர் சட்டத்துக்கும் வரிக்கும் எட்டாத தொலைவில் நிற்பவை. இவ்வளவையும் ஒப்புக்கொண்டே ஒன்று கேட்கலாம். இருபது நிமிடக் கட்டுரை வாசிக்க விமானமேறி லிஸ்பனுக்கும் சிங்கப்பூருக்கும் போய், ஒருநாள் அமர்வு, இரண்டு நாள் ஊர்சுற்றல், விடுதியில் காலையுணவு, பை, பெயரட்டை, குழுப்படம் என்று திரும்புவதற்கு என்ன பெயர்? அதற்குப் பயணப்படி உண்டு. சித்தூர்க் குடும்பத்துக்குச் சீட்டுக் கழிவு. வாழ்நாளில் ஒருமுறை இரண்டு இரவு கடலில் தூங்கியவர்கள்மேல் கரியமிலக் கணக்கு எழுத, ஆண்டுக்கு மூன்று முறை பறப்பவர்களின் கை கூசவேண்டும்.

கடன் வாங்கி உல்லாசமா என்ற கேள்வியும் குழுவில் எழுந்ததாம். கல்யாணத்துக்கு வாங்கும் கடனைப் பற்றி அவையில் எவரும் இவ்வளவு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அச்சீட்டின் மீதித் தவணைகளை அந்தத் தாய் சட்டைத் தையலில் கட்டி வருகிறார். இரண்டாம் நாள் மாலை மேல்தளத்தில் நின்று அவர் மகளிடம் சொன்னதாக முன்வரைவில் ஒரு குறிப்பு இருந்தது: பத்து வருஷத்தில் அன்று ஒருநாள்தான் அடுப்பைப் பற்றி நினைக்கவில்லை என்று. திருமலையில் வெங்கமாம்பா அன்னதானக் கூடத்தில் ஆயிரம்பேரோடு அமர்ந்து இலவசமாகச் சாப்பிட்டதுண்டு. ஆனால் அங்கே வேண்டுதல் இருக்கும், வரிசை இருக்கும், வீடு திரும்பும் அவசரம் இருக்கும். வேண்டுதலற்ற ஓய்வு என்பது பெண்களுக்கு எந்த வகுப்பில், எந்த ஆண்டில், எந்த விலையில் கிடைத்தது என்பதை எழுத வேறு எந்த ஆவணம் இருக்கிறது?

பாட்டி என்ன செய்தார் என்பதையும் முன்வரைவின் கடைசிப் பக்கம் சொல்கிறது. முதல் இரவு அவர் உறங்கவில்லை. உள்ளறையில் இரவும் பகலும் ஒன்றுபோல் இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. விடியும்முன் பேத்தியை எழுப்பி மேல்தளத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார். நான்கு பக்கமும் கரையில்லாத நீர். நெடுநேரம் பார்த்துவிட்டு, கரும்புத் தோட்டத்துக்குப் போனவரின் பெயரைச் சொல்லி, இந்தத் தண்ணீரில் எத்தனை நாள் போயிருப்பார் என்று கேட்டார். ஒரு மாதத்துக்கும் மேல் என்றார் பேத்தி. கையிலிருந்த குவளையிலிருந்து சிறிது தண்ணீரைக் கடலில் விடலாமா என்று பாட்டி கேட்டதும், கப்பலிலிருந்து எதையும் கடலில் போடக்கூடாது என்ற அறிவிப்பைப் பேத்தி காட்டியதும், பாட்டி அந்தத் தண்ணீரைக் கைப்பிடிக் கம்பியின்மேல் ஊற்றியதும் மூன்று வரிகளில் எழுதப்பட்டிருந்தன. அந்த மூன்று வரிக்கு அருகே, ஓரத்தில், தேவையற்றது என்று சிவப்பு மையில் ஒரு கையெழுத்து.

திருத்திய வரைவுக்கான கெடு இம்மாத இறுதி. மூன்றாம் இயலை நீக்கக் கூடாது. அந்தச் சிவப்பு மை அடிக்கப்பட்டு, மூன்று வரிகளும் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும். குழு மீண்டும் கூடும்போது பின்வரிசையில் உட்காரும் ஆய்வு மாணவர்கள் 1911 என்ற எண்ணைப் பற்றியாவது ஒரு கேள்வி கேட்கவேண்டும்.